சுங்கை சிப்புட் 'ஆக்சிஜன் கூடு': ரேடியோதெரபி முடித்தவர்கள் பணம் கட்டலாமா?

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் கடைவீதியில், ஒரு கடைவீட்டின் மேல்மாடியில், ஆள் உள்ளே படுத்ததும் காற்றால் ஊதி நிரப்பும் துணிக்கூடு ஒன்றை வைத்து ஆக்சிஜன் சேவை நடத்துகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு 120 வெள்ளி (ரிங்கிட்). பத்து முறைக்குச் சேர்த்துக் கட்டினால் 1,000 வெள்ளி. சுவரில் ஒட்டிய பட்டியல் சர்க்கரைப் புண், பக்கவாதம், தூக்கமின்மை என்று தொடங்குகிறது. ஒன்பதாவது வரி: 'ரேடியோதெரபிக்குப் பிந்தைய மறுவாழ்வு'. இங்கே எழுதுவது அந்த ஒன்பதாவது வரியைப் பற்றி மட்டும்தான். மற்ற எட்டுக்கும் தனித்தனியே பதில் சொல்ல வேண்டும், இங்கே இடமில்லை.

அந்த வரியைப் படித்து நின்று யோசிப்பவர்கள் யார் என்று இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடம் கூடுதல். வெற்றிலை பாக்கோடு புகையிலையை அடக்கிக்கொள்ளும் பழக்கம் அதற்குப் பெரிய காரணம். தோட்டத்தில் பால்மரம் சீவிய தலைமுறையில், கன்னத்துக்கும் நாக்குக்கும் கதிரியக்கச் சிகிச்சை, அதாவது ரேடியோதெரபி, எடுத்து உயிர் தப்பியவர்கள் உண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்காக அடிவயிற்றில் எடுத்த பெண்களும், புராஸ்டேட்டுக்காக எடுத்த ஆண்களும் உண்டு. புற்று போய் இரண்டு, ஐந்து, சில சமயம் பத்து வருடம் கழித்து, பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரியும். அல்லது சிறுநீரில் இரத்தம் வரும். கதிர் பட்ட சதை தாமதமாகக் காட்டும் சேதம் இது. அழுத்தம் கூட்டிய அறைக்குள் ஆக்சிஜனை மூச்சிழுக்கும் 'உயரழுத்த ஆக்சிஜன்' சிகிச்சை இந்தச் சேதத்தில் சிலவற்றுக்கு உண்மையிலேயே உதவுகிறது. அதனால்தான் கடையின் பட்டியலில் அந்த வரி இருப்பது கவலை தருகிறது. முழுப் பொய்யாக இருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

கடையைப் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிடலாம். இடம் சுத்தம். விரிப்பை ஒவ்வொரு ஆளுக்கும் மாற்றுகிறார்கள். விலையை மறைக்கவில்லை. கூட்டுக்குள்ளிருந்தே காற்றைத் திறந்துவிடும் வால்வு இருக்கிறது. படுப்பவருக்கு அதைத் திருகிக் காட்டிய பிறகுதான் ஜிப்பை மூடுகிறார்கள். வேலை பார்க்கும் பிள்ளைகள் வயதானவர்களை 'அம்மா', 'ஐயா' என்று கைபிடித்து மாடியேற்றுகிறார்கள். அசதிக்கு ஒரு மணி நேரம் குளிர்ச்சியான இடத்தில் படுத்து எழ நினைப்பவர், காதும் நுரையீரலும் நன்றாக இருந்தால், தம் காசை அங்கே செலவழிப்பது தம் விருப்பம். ரேடியோதெரபிச் சேதத்துக்கு மருந்தாக நினைத்துப் போனால்தான் கணக்கு இடிக்கிறது.

முதலில் அழுத்தக் கணக்கு. கடல்மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தை 1 ஏ.டி.ஏ. என்பார்கள். கடலில் 10 மீட்டர் இறங்கினால் 2. ரேடியோதெரபிச் சேதத்துக்குக் கொடுப்பது 2 முதல் 2.5 வரை, பெரும்பாலும் 2.4, அதாவது 14 மீட்டர் ஆழம். கடைக்கூட்டின் அழுத்தமானி முள் 4 பி.எஸ்.ஐ.யில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) நிற்கிறது. வெளிக்காற்றையும் சேர்த்தால் அது 1.3 ஏ.டி.ஏ.; நீச்சல் குளத்தில் 3 மீட்டர் ஆழம். 2.4-ஐத் தொட 20 பி.எஸ்.ஐ. வேண்டும். அந்த நிலையில் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரும் 14 டன் பாரத்தைத் தாங்க வேண்டும். துணியும் ஜிப்பும் தாங்காது. தாங்கும் என்று செய்தவர்களும் சொல்லவில்லை. செம்பனை ஆலையில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. குலையை அவிக்கும் ஸ்டெரிலைசர் 40 பி.எஸ்.ஐ. அளவில் ஓடுகிறது. அதன் இரும்பு எவ்வளவு தடிமன், கதவுப் பூட்டு எப்படிப்பட்டது, வேலையிடப் பாதுகாப்புத் துறையான ஜே.கே.கே.பி.யின் அதிகாரி வந்து என்னென்ன பார்ப்பார் என்று அவர்கள் அறிவார்கள். உண்மையான சிகிச்சையில், அதில் பாதி அழுத்தத்தில் ஓடும் ஒரு கலனுக்குள்தான் நோயாளி படுக்கிறார். அது இரும்பாகவோ கனத்த அக்ரிலிக்காகவோதான் இருக்க முடியும்.

அடுத்து ஆக்சிஜன் கணக்கு. கூட்டை ஊதி நிரப்புவது அறைக்காற்று. அதில் ஆக்சிஜன் 21 சதவீதம். 1.3-ஆல் பெருக்கினால் 27. மருத்துவமனை வார்டில் மூக்குக்குழாய் வழியாக நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் விட்டால் கிடைப்பதும் ஏறக்குறைய இவ்வளவுதான். "நாங்கள் தனியாக ஆக்சிஜன் மாஸ்க்கும் கொடுக்கிறோமே" என்று கடையில் சொல்வார்கள். அதுவும் உண்மை. பக்கத்தில் ஓடும் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் கருவி) நிமிடத்துக்கு 10 லிட்டர் தருகிறது. கருவியின் வாயிலிருந்து வெளிவரும்போது அது 90 சதவீதத்துக்கு மேல் இருக்கும். ஆனால் மனிதர் மூச்சை உள்ளிழுக்கும் அந்த ஒரு நொடியில் நிமிடத்துக்கு 30 லிட்டர் வேகத்தில் இழுக்கிறார். மாஸ்க்கின் ஓரம் தளர்ந்திருந்தால் மீதியெல்லாம் கூட்டின் காற்றுதான். உள்ளே போவதில் பாதி ஆக்சிஜன் என்று வைத்துக்கொண்டாலும், 1.3-ஆல் பெருக்கினால் 0.65 ஏ.டி.ஏ. ஆக்சிஜன். வேண்டியது 2.4. மாஸ்க் கொஞ்சமும் கசியாமல் முகத்தில் ஒட்டி நின்றால்கூட 1.2-க்கு மேல் போகாது.

இரத்தத்தில் பார்த்தால் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவு. சாதாரணக் காற்றில் 100 மில்லி இரத்த நீரில் 0.3 மில்லி ஆக்சிஜன் கரைந்திருக்கும். காற்று மட்டும் நிரப்பிய கூட்டில் அது 0.45 ஆகும். 2.4 ஏ.டி.ஏ.யில் முழு ஆக்சிஜனை மூச்சிழுத்தால் 5 மில்லிக்கு மேல். சிவப்பணுக்கள் ஏற்கெனவே நிறைந்துவிட்டவை; அவற்றில் புதிதாக ஏற்ற ஒன்றுமில்லை. நோயைத் தொடுவது இப்படிக் கரைந்து நிற்கும் ஆக்சிஜன்தான். அமெரிக்காவிலுள்ள கடலடி மற்றும் உயரழுத்த மருத்துவச் சங்கம், 1.4 ஏ.டி.ஏ.க்குக் குறையாத அழுத்தத்தில் ஏறக்குறைய முழு ஆக்சிஜனை மூச்சிழுப்பதையே இந்தச் சிகிச்சை என்ற பெயரால் ஏற்றுக்கொள்கிறது. கடையில் உள்ளது அந்த வாசற்படிக்கும் கீழே.

இவ்வளவு ஏன் வேண்டும்? கதிர் பட்ட இடத்தில் சின்னச் சின்ன இரத்தக்குழாய்கள் வருடக்கணக்கில் உள்ளுக்குள் அடைத்துக்கொண்டே போகின்றன. குழாய் குறைந்து, உயிரணு குறைந்து, ஆக்சிஜன் குறைந்த சதை. 1983-இல் ராபர்ட் மார்க்ஸ் என்ற அமெரிக்க வாய் அறுவை நிபுணர் தாடைச் சேதத்தை இந்த மூன்று குறைகளாகத்தான் விளக்கினார். சாதாரணப் புண்ணில் ஓரத்தில் ஆக்சிஜன் நிறைவாகவும் நடுவில் குறைவாகவும் இருக்கும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் உடம்பு புதுக்குழாய் விடுகிறது. கதிர் பட்ட சதையில் எங்கும் ஒரே வறட்சி. உடம்புக்கு அங்கே காயம் இருப்பதே தெரிவதில்லை. பக்கத்துச் சதையில் ஆக்சிஜனை மிக அதிகமாக ஏற்றினால் அந்த ஏற்ற இறக்கம் செயற்கையாக உண்டாகிறது. குழாய் துளிர்க்கத் தொடங்குகிறது. ஒரு நாளில் நடப்பதில்லை. தோலின் மேல் கருவி வைத்து ஆக்சிஜனை அளந்தால் முதல் ஏழெட்டு அமர்வுகளில் பெரிய மாற்றம் தெரியாது. பிறகு ஏறி, 20-ஆவது அமர்வை ஒட்டி, நல்ல சதையின் 80 சதவீத அளவில் நிற்கும். பத்து அமர்வு 'பேக்கேஜ்' என்பது, உண்மையான அழுத்தம் இருந்தாலும்கூட, செடி முளைக்கிற சமயத்தில் தண்ணீரை நிறுத்துவதுதான்.

சரி, உண்மையான அழுத்த அறை எதற்கெல்லாம் உதவும்? இதிலும் விளம்பரங்கள் நிறையவே மிகைப்படுத்துகின்றன. சிறுநீர்ப்பைக்குத்தான் சான்று மிகவும் பலம். நார்டிக் நாடுகளில் 79 நோயாளிகளை வைத்து நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், 2.4 ஏ.டி.ஏ.யில் 30 முதல் 40 அமர்வு எடுத்தவர்களின் சிறுநீர்த் தொல்லை, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடத் தெளிவாகக் குறைந்தது. தாடைக்குச் சான்று கலவையாக இருக்கிறது. மார்க்ஸ் 1985-இல் 74 பேரிடம் நடத்திய ஆய்வில், பல் பிடுங்குவதற்கு முன் 20, பின் 10 அமர்வு எடுத்தவர்களில் 5.4 சதவீதத்தினருக்கும், பென்சிலின் மட்டும் எடுத்தவர்களில் 30 சதவீதத்தினருக்கும் எலும்பு அழுகியது. வெகுகாலம் அதுவே வேதவாக்காக இருந்தது. 2019-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு அதை அசைத்துவிட்டது: ஆறு மாதத்தில் ஆக்சிஜன் எடுத்தவர்களில் 6.4 சதவீதம், எடுக்காதவர்களில் 5.7 சதவீதம், வித்தியாசமே இல்லை. எனவே கதிர் பட்ட எல்லாருக்கும் முன்னெச்சரிக்கையாக அழுத்த அறை என்பது இன்றைக்கு நிற்காத வாதம். எலும்பு ஏற்கெனவே வெளியே தெரிந்து மூன்று மாதமாகியும் மூடாமல், அறுவையும் செய்ய வேண்டியிருக்கும் நிலையில் அது இன்னும் ஒரு துணைச் சிகிச்சை. அதையும் வாய் அறுவை நிபுணர்தான் முடிவு செய்ய வேண்டும். செத்த எலும்பை ஆக்சிஜன் உயிர்ப்பிக்காது. அதை வெட்டியெடுத்தே ஆக வேண்டும்.

குடலைப் பற்றிய ஓர் ஆய்வைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 84 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு உண்மையான சிகிச்சை, 2.4 ஏ.டி.ஏ., 40 அமர்வு. மறு பகுதியினருக்கு வேறுபாடு தெரியாதபடி பொய்ச் சிகிச்சை. அந்தப் பொய்ச் சிகிச்சை என்ன தெரியுமா? 1.3 ஏ.டி.ஏ. அழுத்தத்தில் சாதாரணக் காற்று. காது அடைக்கும், சிகிச்சை நடப்பதாகவே தோன்றும் என்பதற்காக ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்த அளவு அது. கடையில் மாஸ்க் இல்லாமல் 120 வெள்ளிக்குக் கிடைப்பதும் அதே அளவுதான். முடிவில் இரு பகுதியினருக்கும் இடையே வித்தியாசம் தெரியவில்லை. அதாவது நாள்பட்ட குடல் தொல்லைக்கு உண்மையான அறையையும் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்ய முடியாது. மலக்குடலில் இரத்தம் கசிந்து, குழாய்விட்டுச் செய்யும் உள்நோக்கிச் சிகிச்சைகளுக்கும் அடங்காதவர்களுக்கு மட்டும் நிபுணர்கள் இன்னும் அதை எண்ணிப் பார்க்கிறார்கள்.

உண்மையான அமர்வு எப்படி இருக்கும் என்று தெரிந்தால் ஒப்பிடுவது எளிது. அறைகள் இரண்டு வகை. ஒற்றையாள் அறை என்பது கண்ணாடி போலத் தெரியும் அக்ரிலிக் குழாய். அதை ஆக்சிஜனாலேயே நிரப்புவார்கள். பலர் அமரும் அறை இரும்பு. அழுத்துவது காற்றால், ஆக்சிஜன் மாஸ்க்கிலோ தலையை மூடும் பிளாஸ்டிக் கவசத்திலோ வரும். கூடவே பயிற்சி பெற்ற ஒருவர் உள்ளே உட்கார்ந்திருப்பார். வாயிலும் கழுத்திலும் அறுவை நடந்தவர்களுக்கு மாஸ்க் ஒட்டாது, கவசம்தான் சரி. கழுத்தில் துளை போட்டவர்களுக்கு அதற்கென்று தனி இணைப்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். முதல் 10, 15 நிமிடம் அழுத்தம் ஏறும். உள்ளே வெக்கையாக இருக்கும். பிறகு 30 நிமிடம் ஆக்சிஜன், 5 நிமிடம் காற்று, மறுபடி 30, மறுபடி 5, மறுபடி 30. அந்த ஐந்து நிமிட இடைவெளியை யாரும் குறைக்க விடாதீர்கள். ஆக்சிஜன் மிகுந்து மூளையைத் தாக்கி வலிப்பு வராமல் காப்பது அதுதான். வலிப்பு ஆயிரக்கணக்கான அமர்வுகளில் ஒன்றில்தான் வரும். வந்தாலும் மாஸ்க்கை எடுத்தால் நிற்கும். அழுத்தம் இறங்கும்போது அறை குளிர்ந்து பனிமூட்டம் போலப் படரும். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம். தொழிலில் உள்ளவர்கள் ஒரு அமர்வை 'டைவ்' என்பார்கள். வாரம் ஐந்து டைவ், ஆறு முதல் எட்டு வாரம்.

அதிகம் தொல்லை தருவது காது. கடைக்கூட்டிலும் இது உண்டு, 3 மீட்டர் ஆழமும் காதுக்கு ஆழம்தான். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுவது, விழுங்குவது, கொட்டாவி விடுவது ஆகியவற்றை முள் அசையத் தொடங்கிய கணத்திலிருந்தே செய்ய வேண்டும். வலி வந்த பிறகு ஊதினால் திறப்பது கடினம், செவிப்பறை கிழியலாம். வலித்தால் கையை உயர்த்தினால் போதும், இயக்குபவர் நிறுத்தி அழுத்தத்தைக் கொஞ்சம் குறைப்பார். மூக்கின் பின்புறத்தில், தொண்டையில் கதிர் எடுத்தவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். காதையும் மூக்கையும் இணைக்கும் குழாயே கதிரால் விறைத்திருக்கும். எவ்வளவு ஊதினாலும் திறக்காது. இவர்களுக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவர் செவிப்பறையில் சின்னக் குழாய் வைத்த பிறகுதான் டைவ் தொடங்கும். கடையில் காதுக்குள் பார்க்கும் விளக்குகூட இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே தலை, கழுத்தில் கதிர் எடுத்தவர்களை அங்கே படுக்க விடக்கூடாது.

அடுத்தது தீ. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், தனியார் நிலையம் ஒன்றின் அழுத்த அறை தீப்பிடித்து ஐந்து வயதுச் சிறுவன் இறந்தான். ஆக்சிஜன் எரியாது, ஆனால் அது மிகுந்த இடத்தில் முடி, துணி, எண்ணெய் எல்லாம் திரி போலப் பிடிக்கும். பலர் அமரும் அறைகளில் காற்றின் ஆக்சிஜன் 23.5 சதவீதத்தைத் தாண்டாமல் மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். மாஸ்க்கிலிருந்து வெளிவிடும் மூச்சைத் தனிக்குழாய் வழியாக வெளியேற்றுவார்கள். கடைக்கூட்டில் அந்த மூச்சு உள்ளேயே கலக்கிறது, மீட்டர் இல்லை. கைப்பேசியை உள்ளே கொண்டுபோக விடுகிறார்கள். காற்றை இழுக்கும் கம்ப்ரசருக்கு இரண்டடி தள்ளி வாசனை எண்ணெய் ஆவியாக்கும் கருவி ஓடுகிறது. அந்த எண்ணெய்ப்புகை நேராகக் கூட்டுக்குள் போகிறது. இந்த இரண்டையும் அவர்கள் இன்றே மாற்றலாம், ஒரு காசு செலவில்லை.

நம் பழக்கத்தில் கவனிக்க வேண்டியவை வேறு. தலைக்குத் தேங்காய் எண்ணெய் கூடாது. தேய்த்திருந்தால் அன்று காலை ஷாம்பு போட்டு அலச வேண்டும். மூட்டுவலித் தைலம், காற்று எண்ணெய், அத்தர், கொண்டையில் ஊசி குத்திய பூ, எதுவும் வேண்டாம். நைலான் சேலை, பாலியெஸ்டர் ரவிக்கை, உரசினால் பொறி பறக்கும் எந்தத் துணியும் வேண்டாம். நல்ல நிலையம் தானே பருத்தி உடை கொடுத்து, உள்ளாடையையும் சோதிக்கும். காது கேட்கும் கருவி, கைக்கடிகாரம், கழற்றி மாட்டும் பல்செட் வெளியே. தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் முன்னதாகவே சொன்னால் பருத்தித் துணியால் சுற்றி ஒட்டிக்கொள்ள முடியுமா என்று பார்ப்பார்கள். கடைசி நிமிடத்தில் கதவருகே வாதாட வேண்டாம்.

சர்க்கரை உள்ளவர்கள் இன்சுலின் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் உள்ளே போகக்கூடாது; அறைக்குள் சர்க்கரை இறங்கும். 6 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் பிஸ்கட்டோ பாலோ சாப்பிட்டு, மறுபடி குத்திப் பார்த்துத்தான் போக வேண்டும். நுரையீரலுக்கு வெளியே காற்று கசிந்து தேங்கியிருந்தால் அறைக்குள் போகவே கூடாது, உயிர் போகும். அதனால்தான் நெஞ்சு எக்ஸ்ரே இல்லாமல் எந்த ஒழுங்கான நிலையமும் தொடங்காது. பிளியோமைசின் என்ற புற்றுநோய் மருந்து எப்போதாவது ஏறியிருந்தால் சொல்ல வேண்டும். அதே வகை மருந்துகளான டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின் இப்போது ஏறிக்கொண்டிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். 20 அமர்வைத் தாண்டினால் தூரப்பார்வை மங்கலாம். அதற்காகப் புதுக் கண்ணாடி வாங்காதீர்கள். முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் திரும்பிவிடும். சிகரெட்டும் வெற்றிலையோடு புகையிலையும் அந்த எட்டு வாரத்துக்காவது முழுதாக நிற்க வேண்டும். நிக்கோட்டின் குழாயைச் சுருக்குகிறது. காலையில் ஆக்சிஜன் விரித்ததை மத்தியானம் புகையிலை மூடினால் பயணச் செலவுதான் மிச்சம்.

கடையில் நிரப்பச் சொல்லும் ஒரு பக்கத் தாளில் இரத்த அழுத்தம், கர்ப்பம், மூடிய இடத்துப் பயம் ஆகிய மூன்றைத்தான் கேட்கிறார்கள். எந்த இடத்தில் கதிர் எடுத்தீர்கள், எத்தனை கிரே (கதிரின் அளவைக் குறிக்கும் அலகு), எப்போது என்ற கேள்வி இல்லை. மிகப் பெரிய ஆபத்து அங்கேதான். ரேடியோதெரபி முடித்தவருக்குச் சிறுநீரில் இரத்தம் வந்தால், அது கதிரின் சேதமாக இருக்கலாம். புற்று திரும்பியதாகவும் இருக்கலாம். வாயில் ஆறாத புண்ணும் அப்படியே. சிறுநீர்ப்பைக்குள் குழாய்விட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் சதையெடுத்துச் சோதித்து, புற்று இல்லை என்று உறுதியான பிறகுதான் ஆக்சிஜனைப் பற்றிப் பேச்சு. இரண்டு மாதம் கூட்டில் படுத்து 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்று தள்ளிப்போட்டால், திரும்பிய புற்றுக்கு அந்த இரண்டு மாதத்தையும் தானமாகக் கொடுத்ததாகிவிடும்.

பேராக் மாநிலத்தில் கதிர் என்றாலே புக்கிட் மேரா நினைவு வரும். அங்கிருந்த ஏசியன் ரேர் எர்த் ஆலையின் கதிரியக்கமுள்ள தோரியக் கழிவுக்கு எதிராக மக்கள் வழக்காடி, 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. 1994-இல் ஆலை மூடப்பட்டது. அந்த அச்சத்தோடு கடையில் வந்து 'உடம்பில் ஏறிய கதிரை இது வெளியேற்றுமா' என்று கேட்பவர்களுக்குப் பதில் நேரானது: வெளியேற்றாது. ஆக்சிஜன் எந்தக் கதிரியக்கத் தூசியையும் உடம்பிலிருந்து எடுக்காது, பின்னால் புற்று வருவதையும் தடுக்காது. அழுத்த அறை வேலை செய்வது, அதிக அளவுக் கதிர் ஒரே இடத்தில் பட்டுக் குழாய்கள் அடைத்துப்போன சதையில் மட்டும்.

உண்மையான அறைக்குப் போக நினைப்பவர்களுக்குப் பேராக்கில் அருகில் இருப்பது லுமுட் கடற்படைத் தளத்தின் இராணுவ மருத்துவமனை. முக்குளிப்போருக்காக அமைத்த உயரழுத்தப் பிரிவு அது, பொதுமக்களையும் பார்க்கிறார்கள். நேரே போய்க் கதவைத் தட்டினால் நடக்காது. புற்றுநோய் மருத்துவரோ, வாய் அறுவை அல்லது சிறுநீர்ப்பாதை நிபுணரோ எழுதிய பரிந்துரைக் கடிதம் வேண்டும். அதோடு ரேடியோதெரபி எடுத்த மருத்துவமனையிலிருந்து கதிரின் மொத்த அளவு, எத்தனை தவணை, எந்தப் பரப்பு, எந்தத் தேதிகள் என்ற சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தாடைக்கு 60 கிரேக்கு மேல் விழுந்திருந்தால் எலும்பு ஆபத்து கூடுதல். இந்த ஓர் எண் இல்லாமல் யாரும் முடிவெடுக்க முடியாது. தாடை முழுதும் தெரியும் பல் எக்ஸ்ரே அல்லது சிறுநீர்ப்பைக்குள் பார்த்த அறிக்கை, நெஞ்சு எக்ஸ்ரே, இரத்த அளவு, சர்க்கரை, மருந்துப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

சுங்கை சிப்புட்டிலிருந்து லுமுட் ஒரு வழிக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர். 40 டைவ் என்றால் 8,000 கிலோமீட்டர். தினமும் போய்வருவது இளைஞருக்கே முடியாது. சிறுநீர் அடக்க முடியாத ஒருவருக்கு நினைத்துப் பார்க்கவும் வேண்டாம். சித்தியவானிலோ ஆயர் தாவாரிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் திங்கள் முதல் வெள்ளி அங்கே தங்குவதுதான் வழி. இல்லையென்றால் மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் முதல் நாளே பேசுங்கள். நடுவில் சளி பிடித்தால் காதுக்காக இரண்டு மூன்று நாள் விட நேரும். ஆகவே தங்குமிடத்தை எட்டு வாரத்துக்குக் கணக்குப் பண்ணாமல் ஒன்பதுக்குப் பண்ணுங்கள்.

கடையில் ஏற்கெனவே 1,000 வெள்ளி கட்டியவர்கள் ரசீதையும், அந்த ஒன்பதாவது வரி தெளிவாகத் தெரியும்படி சுவர்ப் பட்டியலின் படத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மீதி அமர்வுகளுக்கான பணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம்; வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கேட்பார்கள். அந்த வரியைப் பட்டியலிலிருந்து எடுக்கும்படி நிலையத்திலும் சொல்லப்பட்டிருக்கிறது. எடுத்துவிட்டால் இந்த மதிப்புரையில் தேதியோடு சேர்த்துக்கொள்வோம்.